பெட்டிசம் போடுவதற்கு முன் ஆசிரியர் அறையை ஒருமுறை எட்டிப் பாருங்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவுதான். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கருத்துப் போடாமல், நேரம் கிடைக்கும்போது முழுவதையும் வாசியுங்கள்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் எங்கே நடந்தாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். மாத்தளை டவுனாக இருக்கட்டும், உக்குவளையாக இருக்கட்டும், கலேவெலயாக இருக்கட்டும், கேள்வி ஒன்றுதான்: "உலகம் எங்கேயோ போகுது, நம்மட ஸ்கூல்ல மட்டும் ஏன் புதுசா ஒன்னும் நடக்குதில்ல?" கேட்டவர் உட்காருவதற்குள் இரண்டு பதில்களும் வந்துவிடும். ஒருவர், "ஸ்மார்ட் போர்ட் வாங்கிப் போடுவோம்" என்பார். இன்னொருவர், "நல்ல ஸேர் ஒருத்தரை எப்படியாவது எடுத்துத் தாங்க" என்று அதிபரிடம் சொல்வார்.

இரண்டும் நல்லெண்ணத்தில் வரும் பதில்கள்தான். ஆனால் வருடக்கணக்காக வகுப்பறையில் நிற்கும் நாங்கள் கண்டது வேறு. ஸ்மார்ட் போர்ட் வந்து, அதற்குத் துணி போர்த்தி வைத்திருக்கும் பாடசாலைகள் உண்டு. கெட்டிக்கார ஆசிரியர் வந்து, இரண்டே வருடத்தில் வாயை மூடிக்கொண்டு, மூன்றாம் வருடம் இடமாற்றம் கேட்டுப் போன பாடசாலைகளும் உண்டு. ஒரு பாடசாலையில் புதிய முயற்சி முளைப்பதும் கருகுவதும் பெரும்பாலும் ஆசிரியர் அறையில்தான். இடைவேளையின் அந்த 20 நிமிடத்தில் ஒருவருக்கொருவர் என்ன கதைக்கிறார்கள், எதைக் கதைக்கப் பயப்படுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒரு நல்ல கதை. பாடசாலையின் பெயர் வேண்டாம், நம் மாவட்டம்தான். எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கும் ஸேர் ஒருவர் இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு புலம்பினார்: "சதவீதம் மூணு கிழமையாப் படிப்பிக்கிறன், ஒருத்தனுக்கும் ஏறுதில்ல." அருகில் இருந்த விவசாய டீச்சர் சிரிக்கவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. "இப்ப மிளகு பறிக்கிற காலம்தானே, அதை வச்சுச் செஞ்சு பாருங்களேன்" என்றார்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிளகு புதிதல்ல. வீட்டு முற்றத்தில் பாயில் காய்வதை மிதித்துவிட்டு உம்மாவிடம் ஏச்சு வாங்கியவர்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பிடி பச்சை மிளகு கொண்டு வந்தார்கள். கடைத் தராசில் நிறுத்தார்கள், வெயிலில் போட்டார்கள், ஒவ்வொரு நாளும் நிறுத்துக் கொப்பியில் எழுதினார்கள். பச்சை மிளகு 3 கிலோ காய்ந்தால் ஏறக்குறைய 1 கிலோதான் மிஞ்சும் என்பது நம் வியாபாரிகள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மிஞ்சியது மூன்றில் ஒன்று, போனது மூன்றில் இரண்டு. அதைச் சதவீதத்தில் சொல்லு என்றதும் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். விஷயம் காதில் விழுந்ததும் வர்த்தகப் பாட ஸேர் சும்மா இருக்கவில்லை. "பச்சையாக விற்பதா, காய வைத்து விற்பதா லாபம் என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றார். தமிழ் டீச்சர் அதையே கட்டுரைத் தலைப்பாக்கினார். செலவு என்று பார்த்தால் ஒரு சதம் கூட இல்லை.

இது யாருடைய யோசனை என்று பிறகு கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கணித ஸேர் தன் பாடம் பிள்ளைகளுக்கு ஏறவில்லை என்று வாய் திறந்து சொன்னதில் தொடங்கியது அது. "பாடம் எடுக்கத் தெரியாதவர்" என்று யாராவது பெயர் வைத்துவிடுவார்கள் என்று அவர் பயந்திருந்தால் மிளகு முற்றத்திலேயே கிடந்திருக்கும்.

இப்போது மற்றக் கதை. வேறொரு பாடசாலை. கிழக்கிலிருந்து முதல் நியமனம் பெற்று வந்த இளம் டீச்சர் ஒருவர். ஒன்பதாம் தரப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய், ஒரு தடியின் நிழலையும் தென்னை மரத்தின் நிழலையும் அளக்க வைத்து, மரத்தில் ஏறாமலே அதன் உயரத்தைக் காண்பது எப்படி என்று காட்டினார். இயல்பொத்த முக்கோணிகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. திரும்பி ஆசிரியர் அறைக்கு வந்தபோது கிடைத்த வரவேற்பு: "நாங்களும் வந்த புதுசுல இப்படித்தான் துள்ளினோம் டீச்சர்." எல்லோரும் சிரித்தார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு கிழமையில் வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. "பாட நேரத்தில் பிள்ளைகளை வெயிலில் அலைய விடுகிறார்." எந்த வகுப்பு, எந்த நாள், எத்தனையாவது பாடவேளை என்பதெல்லாம் அதில் சரியாக இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்கள் பிழை ஒன்றும் காணவில்லை. ஊரும் இரண்டு நாளில் மறந்துவிட்டது. ஆசிரியர் அறையால் மட்டும் மறக்க முடியவில்லை. பாடவேளை வரைக்கும் தெரிந்து எழுதியிருக்கிறார்கள் என்றால் உள்ளே இருக்கும் ஒருவர் சொல்லாமல் எப்படி? யார் அது? அந்த நாளிலிருந்து ஒவ்வொருவரும் மற்றவரைப் பார்க்கும் பார்வை மாறியது. அந்த டீச்சர் அதற்குப் பிறகு கரும்பலகையை விட்டு நகரவில்லை. அவர் மட்டுமல்ல, மற்றவர்களும் நகரவில்லை. பெட்டிசம் எழுதியவர் ஒரு டீச்சரைக் குறிவைத்துத்தான் எழுதியிருப்பார். அடிபட்டது முப்பது பேருடைய பேச்சு.

இது ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. எமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1990களின் தொடக்கத்தில் வைத்தியசாலை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஆராய்ந்தார். தாதியர்கள் ஒற்றுமையாக இருக்கும் வார்டில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கணக்கு எதிர்மாறாக வந்தது. நல்ல உறவுள்ள வார்டுகளில்தான் தவறுகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. காரணம் என்னவென்று தேடிப் போனபோது புரிந்தது: அங்கே நடந்ததை வெளியே சொல்கிறார்கள், மற்ற வார்டுகளில் மறைக்கிறார்கள். சொல்கிறவர்கள்தான் திருத்திக்கொள்கிறார்கள், புதிய வழியும் தேடுகிறார்கள். பின்னர் 1999 இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்தும் அவர் இதே விஷயத்தை எழுதினார். கூகுள் நிறுவனம் 2012 இல் தொடங்கித் தன்னுடைய 180 அளவிலான குழுக்களை ஆராய்ந்ததும் இதே கேள்வியோடுதான். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, அவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதே பெரிது என்ற முடிவுக்குத்தான் அவர்களும் வந்தார்கள். "நல்ல ஸேர் ஒருத்தரை எடுத்துத் தாங்க" என்று கேட்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசியுங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது செரொக்ஸ் கம்பெனியின் கதை. போட்டோ கொப்பி மெஷின் திருத்துபவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் 1980களில் அவர்களுடனேயே திரிந்து பார்த்தார். கம்பெனி தடித்த கைந்நூல் ஒன்றைக் கொடுத்திருந்தது. ஆனால் கைந்நூலில் இல்லாத கோளாறுதான் தினமும் வரும். அவற்றுக்கு வழி பிறந்தது காலைச் சாப்பாட்டு மேசையில். "நேற்று ஒரு மெஷின் என்னைப் படுத்தின பாடு இருக்கே" என்று ஒருவர் தொடங்க, மற்றவர் தன் அனுபவத்தைச் சொல்ல, இரண்டையும் சேர்த்து மூன்றாமவர் ஒரு வழி கண்டுபிடிப்பார். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டிக் கதை. அந்தக் கதைதான் மெஷின்களை ஓட வைத்தது. பிற்காலத்தில் கம்பெனி இந்தச் சின்னச் சின்ன நுட்பங்களைச் சேர்த்து வைக்க ஒரு ஏற்பாடு செய்தது. ஒரு நுட்பத்தைச் சக தொழிலாளர்கள் பார்த்துச் சரி என்றால் அது எல்லோருக்கும் போகும், கண்டுபிடித்தவரின் பெயரோடு.

பெயரோடு என்பதைக் கவனியுங்கள். அங்கே நல்லது பெயரோடு போகிறது. இங்கே கெட்டது பெயரில்லாமல் போகிறது.

"இடைவேளையில் டீச்சர்மார் கதைத்துக்கொண்டு இருக்கிறாங்க" என்று குறை சொல்லும் பெற்றோருக்கு இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன கதைக்கிறார்கள் என்பதையும் ஒருநாள் வந்து கேளுங்கள். சம்பளக் கதையும் கல்யாணக் கதையும் இருக்கும், மறுக்கவில்லை. நடுவே ஒரு மிளகுக் கதையும் இருக்கும்.

ஒற்றுமை என்றதும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது, சுற்றுலா போவது, ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஒரே கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்து வந்தவர்கள் ஒரு மேசை, ஊர்க்காரர்கள் ஒரு மேசை, கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஒரு மேசை என்று பிரிந்து, மேசைக்குள் மட்டும் ஒற்றுமையாக இருந்தால் அது பாடசாலைக்கு ஆகாது. நெருங்கிய கூட்டாளியிடம் "உங்கட பாடம் இன்றைக்குச் சரியில்ல" என்று சொல்ல முடியாமல் போனால், அந்த நட்பு சோம்பேறித்தனத்துக்குப் போர்வைதான். புதிதாக ஒன்று பிறக்க வேண்டுமானால் முரண்படவும் வேண்டும். முரண்பட்ட பிறகு அதே மேசையில் தேநீர் குடிக்கவும் முடிய வேண்டும்.

வெளியிலிருந்து வருபவர்கள் விஷயத்தில் நம் ஊர்கள் இழப்பது அதிகம். நம் மாவட்டத்துப் பாடசாலைகளுக்குக் கிழக்கு மாகாணத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர்கள் எத்தனையோ பேர். அங்கே அவர்கள் படித்த முறை வேறு, பார்த்த பாடசாலைகள் வேறு. நமக்குத் தெரியாத பத்து விஷயம் அவர்களுக்குத் தெரியும். நாம் அவர்களை "வெளியூர் ஸேர்" என்று கூப்பிட்டு, போர்டிங் அறைக்கும் வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கும் இடையில் வைத்திருக்கிறோம். அவர்களும் இடமாற்ற விண்ணப்பத்தை எழுதி வைத்துக்கொண்டு நாளை எண்ணுகிறார்கள். சிங்களம் படிப்பிக்கும் டீச்சர் பல பாடசாலைகளில் ஒரு மூலையில் தனியே இருந்து புத்தகம் திருத்துவார். மொழி தெரியாத பிள்ளைக்கு ஒரு பாடத்தை எப்படிப் புரிய வைப்பது என்பதைத் தினமும் செய்பவர் அவர். அதைப் பற்றி அவரிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஜப்பானில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களிடம் நூறு வருடத்துக்கு மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. 'ஜுக்யோ கென்க்யூ' என்பார்கள், 'பாட ஆய்வு' என்று சொல்லலாம். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை உட்கார்ந்து திட்டமிடுவார்கள். ஒருவர் அதை வகுப்பில் எடுப்பார். மற்றவர்கள் பின்னால் நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள். கவனியுங்கள், ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்த இடத்தில் பிள்ளையின் முகம் சுருங்கியது, எந்த இடத்தில் விளங்கியது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள், திருத்துவார்கள், இன்னொருவர் இன்னொரு வகுப்பில் எடுத்துப் பார்ப்பார். பாடம் எல்லோருடையதும் என்பதால், அது சரிவராவிட்டால் எடுத்தவரின் மானம் போவதில்லை. 1999 இல் ஸ்டிக்லர், ஹீபர்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைப் பற்றி எழுதிய பிறகு பல நாடுகள் பின்பற்றத் தொடங்கின.

நம் நாட்டில் பக்கத்து வகுப்பறைக்குள் இன்னொரு ஆசிரியர் நுழைந்தால் அது மேற்பார்வை. புள்ளி போடும் படிவத்தோடு வருவார்கள். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பிப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. பாடசாலை மட்டத்தில் ஆசிரியர் வாண்மை விருத்தி என்று திட்டம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் கையொப்பமிட்டுப் படம் எடுத்துக் கோவையில் வைப்பதோடு சரி.

ஜப்பான் தூரம் என்றால் பக்கத்தில் அலுவிகாரைக்குப் போய்ப் பாருங்கள். ஈனா டி சில்வா 1980களில் கொழும்பை விட்டுத் தன் பரம்பரை ஊருக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களோடு பத்திக், தையல் வேலைகளை நடத்திய இடம் அது. பத்திக் தனி ஒருவர் வேலை அல்ல. ஒருவர் மெழுகு வைப்பார், இன்னொருவர் சாயத்தில் தோய்ப்பார், இன்னொருவர் மெழுகைக் கழற்றுவார். மெழுகு வெடித்த இடத்தில் சாயம் உள்ளே இறங்கினால் அது முதலில் தெரிவது சாயம் தோய்ப்பவருக்குத்தான். அவர் மெழுகு வைத்தவரிடம் போய்ச் சொல்லத் தயங்கினால் அடுத்த துணியும் அப்படியேதான் வரும். சொன்னால் இரண்டு வழி இருக்கிறது: வெடிப்பைத் தவிர்க்கலாம், அல்லது அந்த வெடிப்பையே அலங்காரமாக்கலாம். பத்திக்கில் நாம் ரசிக்கும் அந்த மெல்லிய கோடுகள் மெழுகு வெடித்த கோடுகள்தானே.

இனி ஊரவர்களான உங்களிடம் நேராகவே பேசுகிறோம். கோபிக்க வேண்டாம்.

புலமைப்பரிசில் முடிவு வந்ததும் சந்தியில் பதாகை கட்டுகிறோம். பிள்ளைகளின் படம், நடுவில் ஐந்தாம் தர ஆசிரியரின் படம். பொன்னாடையும் அவருக்குத்தான். அவர் உழைத்தவர், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அகரம் எழுதப் பழக்கிய முதலாம் தர டீச்சர்? வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையை மூன்றாம் தரத்தில் தூக்கி விட்டவர்? அவர்கள் அந்தப் பதாகையின் கீழால் நடந்துதான் வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வருடம் ஐந்தாம் தரத்தை எடுப்பவருக்கு, இந்த வருடத்து ஆசிரியர் தன் மாதிரி வினாத்தாள்களைக் கொடுப்பாரா? பொன்னாடை ஒன்றுதானே இருக்கிறது. க.பொ.த. சாதாரண தர முடிவு வந்ததும் "யாருடைய பாடத்தில் எத்தனை ஏ" என்று வாட்ஸப்பில் பட்டியல் போடுகிறோமே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. போட்டி வைத்தால் ஆசிரியர்கள் ஓடுவார்கள் என்று நினைக்கிறோம். ஓடுவார்கள்தான், ஒருவரையொருவர் விட்டு விலகி.

டியூஷனையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஸேரின் நோட்ஸ் பின்னேரம் காசாகிறது என்றால், காலையில் அதை ஆசிரியர் அறை மேசையில் விரித்து வைக்க அவருக்கு மனம் வருமா? சம்பளம் போதாமல் டியூஷன் எடுப்பவரைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. ஒரே பாடத்தை ஒரே பாடசாலையில் படிப்பிக்கும் இரண்டு ஸேர்மாரை டியூஷன் வகுப்புக்காக மோத விட்டு, "அவர்ட கிளாஸைவிட இவர்ட கிளாஸ் நல்லம்" என்று கதை பரப்புவது நாம்தான் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தை யோசித்துப் பாருங்கள். யாரும் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. ஃபோனில் பாடம் பதிவு செய்யத் தெரிந்த இளம் டீச்சர், தெரியாத மூத்த ஸேருக்குப் பழக்கிக் கொடுத்தார். சிக்னல் இல்லாத மலைப்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சித் தாள்களைக் கடையில் கொடுத்து வைக்கலாம் என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் செய்தார்கள். அந்த நேரத்தில் யாருக்கும் யாரும் போட்டி இல்லை. எல்லோருக்கும் தெரியாத வேலை என்பதால் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல யாருக்கும் வெட்கமும் இல்லை. பாடசாலை திறந்ததும் பழைய மேசைகளுக்கே திரும்பிவிட்டோம் என்பதுதான் கவலை.

ஸ்மார்ட் போர்டுக்குச் சேர்த்த காசு இருந்தால் இருக்கட்டும். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் காசு தேவைப்படாத சில விஷயங்களைப் பேசுவோம்.

ஒரே பாடத்தைப் படிப்பிப்பவர்களுக்கு நேரசூசியில் கிழமைக்கு ஒரு பாடவேளையாவது ஒன்றாக ஓய்வு கிடைக்கும்படி செய்து தரச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். நேரசூசி தயாரிக்கும் ஸேருக்குத் தலைவலிதான், ஆனால் முடியாத காரியம் அல்ல. அந்த நேரத்தில் அவர்களை ரிலீஃபுக்கு அனுப்பக் கூடாது. வெளியூர் ஆசிரியர்களை நோன்பு காலத்தில் மட்டும் கூப்பிட்டு இஃப்தார் கொடுப்பதோடு நிற்காமல், "உங்கட ஊர்ல இதை எப்படிச் செய்வீங்க ஸேர்?" என்று பாடசாலை விஷயத்திலும் கேட்டுப் பாருங்கள். பதாகை கட்டுவதென்றால் முதலாம் தரத்திலிருந்து எல்லோர் படமும் வரட்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் படம் மட்டும் போதும்.

பெட்டிசம் விஷயம். உண்மையான குறை இருந்தால் மறைக்கச் சொல்லவில்லை. பிள்ளைக்கு அடிக்கிறார், வகுப்புக்கே வருவதில்லை என்றால் அதிபரிடம் வந்து பெயரோடு சொல்லுங்கள், தேவைப்பட்டால் வலயத்துக்கும் பெயரோடு எழுதுங்கள். அது உங்கள் உரிமை. ஒரு ஆசிரியர் பிள்ளைகளை முற்றத்தில் வைத்து என்னவோ செய்கிறார், உங்களுக்கு விளங்கவில்லை என்றால், பேனாவை எடுப்பதற்கு முன் அவரிடமே போய் "என்ன டீச்சர் செய்றீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் சந்தோஷமாகச் சொல்வார்.

மிளகு மீண்டும் பறிக்கும் காலம் வருகிறது. வீட்டில் தராசு சும்மா கிடந்தால் பாடசாலைக்கு இரவல் கொடுங்கள். எட்டாம் தரத்தில் நாற்பது பிள்ளைகள், இருப்பது ஒரு தராசு.